மாடிக் கடை யாருக்கு ஓடும்? மால், காம்ப்ளெக்ஸ் பற்றி வாசகர் கேள்வி – பதில்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி வட்டாரங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு கட்டடப் பொறியாளர், கடை வாடகை ஒப்பந்தங்களைக் கவனிப்பவர், கணக்குத் தணிக்கையாளர் ஆகிய மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கணக்குகளில் வரும் வாடகை, விலை எல்லாம் விளக்கத்துக்கான எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

அமெரிக்காவில் மால்களை இடிக்கிறார்கள் என்று படிக்கிறோம். இங்கே இப்போதுதான் கட்டுகிறார்கள். யார் சொல்வது சரி?
– கல்லூரி ஆசிரியை, தஞ்சாவூர்

இரண்டும் நடக்கிறது. நான்கு பக்கமும் மூடி, உள்ளே குளிரூட்டி, கடைகளை உள்முகமாகத் திருப்பிவைத்த முதல் மால் சவுத்டேல். மின்னசோட்டா மாநிலத்து எடைனாவில் 1956 அக்டோபரில் திறந்தார்கள். வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூயன். வீடு, பள்ளி, பூங்கா, மருத்துவமனை எல்லாம் சூழ்ந்த ஊர்நடுவாக அது வளர வேண்டும் என்பது அவர் திட்டம். கட்டியவர்களோ கடைப்பெட்டியையும் கார் நிறுத்துமிடத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். மனம் வெறுத்து வியன்னாவுக்கே திரும்பிய க்ரூயன், கடைசிக் காலத்தில் இந்த மால்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கைகழுவினார்.

அங்கே தேவைக்கு மேல் கட்டியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகக் கழித்துக்கொள்ள 1954இல் அனுமதி கிடைத்தது. கடை ஓடுகிறதோ இல்லையோ, கட்டினாலே வரி மிச்சம் என்ற நிலை வந்துவிட்டது.

வீழ்ச்சி தொடங்கியது பெரிய கடைகளிலிருந்து. மாலின் இரு முனைகளிலும் இருக்கும் பெரிய கடையைத் தொழிலில் 'ஆங்கர்' என்பார்கள். கூட்டத்தைக் கூட்டுவது அதுதான். நடுவில் உள்ள சின்னக் கடைகள் அந்த நடமாட்டத்தில் பிழைப்பவை. அப்படி ஆங்கராக இருந்த சியர்ஸ் 2018இலும், ஜே.சி.பென்னி 2020இலும் திவால் மனு கொடுத்தன. ஆங்கர் போனால் வாடகையைக் குறைக்கலாம், அல்லது காலி செய்யலாம் என்று சின்னக் கடைகளின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். ஒன்று போனதும் பத்து போவது அதனால்தான். ஒஹையோவில் 1976இல் உலகின் மிகப் பெரிய மால் என்று விளம்பரத்தோடு திறந்த ராண்டல் பார்க் மாலை இடித்து, அதே இடத்தில் அமேசான் தன் கிடங்கை 2018இல் திறந்தது.

இந்தியாவிலும் காலி மால்கள் உண்டு. 8 பெருநகரங்களில் 40 சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடந்த மால்கள் 2023இல் 64 என்று நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம் கணக்கிட்டது. அதே நகரங்களில் வேறு சில மால்களில் கடை கிடைக்கக் காத்திருக்கிறார்கள். எனவே 'மால் ஓடுமா' என்று கேட்காதீர்கள். 'இந்த மாலை யார் நடத்துகிறார்கள்' என்று கேளுங்கள்.

*

மன்னார்குடியில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் புதிதாக வரும் காம்ப்ளெக்ஸில் முதல் மாடியில் 580 சதுர அடி, அடிக்கு 60 ரூபாய் வாடகை என்று கேட்கிறார்கள். இரண்டாவது கடையாக எடுக்கலாமா?
– வியாபாரி, மன்னார்குடி

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் உள்சுவரிலிருந்து உள்சுவர் வரை அளந்து பாருங்கள். 580 என்பது வராந்தா, படிக்கட்டு, கழிப்பறை, லிஃப்ட் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' அளவு. உள்ளே கிடைப்பது ஏறக்குறைய 400தான் இருக்கும். இந்த ஏற்றத்துக்கு 'லோடிங்' என்று பெயர். தெருக்கடையில் பழகியவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

வாடகை 34,800. பொதுப் பராமரிப்புக் கட்டணம் அடிக்கு 14 என்று வையுங்கள்: 8,120. ஆக 42,920. இதை 400ஆல் வகுத்தால், 60 ரூபாய் என்று சொன்ன கடை, நீங்கள் புழங்கும் இடத்துக்கு 107 ரூபாயாகிவிடுகிறது. இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 7,726. நீங்கள் ரெகுலர் பதிவில் இருந்தால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்பொசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது, அது உங்கள் செலவு.

காலை 10 முதல் இரவு 10 வரை திறந்துவைக்க வேண்டும் என்பது காம்ப்ளெக்ஸ் விதி. இரண்டு ஆளை வைத்து 12 மணி நேரம் ஓட்ட முடியாது, மூன்று பேர் வேண்டும். ஆளுக்கு 12,000 என்றால் 36,000. கரண்ட் 9,000. பை, கார்டு மெஷின், டீச்செலவு வகையறா 4,300. ஜிஎஸ்டி நீங்கலாக மாதம் 92,220.

ரெடிமேடில் சராசரி லாபம் விற்பனையில் 35 சதவீதம் நின்றால், கைநஷ்டம் இல்லாமல் இருக்க மாதம் 2.64 லட்சம் விற்க வேண்டும். காம்பொசிஷன்காரருக்கு ஜிஎஸ்டி செலவோடு விற்பனையில் 1 சதவீத வரியும் சேர்வதால் 2.94 லட்சம். ரெகுலர் பதிவுக்காரருக்கு நாளுக்கு 8,800 ரூபாய், 700 ரூபாய் பில்லாக 13 பில். உள்ளே வருகிறவர்களில் ஐந்தில் ஒருவர் வாங்கினால், தினமும் 65 பேர் உங்கள் கடைக்குள் கால்வைக்க வேண்டும். இதில் உங்களுக்குச் சம்பளமும் இல்லை, சரக்கில் முடங்கிய பணத்துக்கு வட்டியும் இல்லை. இன்டீரியருக்கு அடிக்கு 1,500 வீதம் 6 லட்சம் போட்டு மூன்று ஆண்டில் எடுப்பதானால் மாதம் 16,667 கூடும், விற்பனை 3.1 லட்சத்தைத் தாண்டியாக வேண்டும்.

ரெடிமேடுக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. வாடகையும் பராமரிப்பும் சேர்ந்து விற்பனையில் 12 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உங்கள் 42,920ஐத் தாங்க 2.86 லட்சம் விற்பனை வேண்டும். இரண்டு வழியிலும் கணக்கு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இந்த விற்பனை நடக்குமா என்பதை அதே வட்டாரத்தில் ஏற்கெனவே ஓடும் காம்ப்ளெக்ஸ் வாசலில் நின்று பார்த்துவிடலாம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் பார்க்கக் கூடாது; அந்த நாட்களில் எந்தக் கடையும் ஓடும். சாதாரண மாதத்தின் மூன்றாம் வாரம், செவ்வாய் காலை 11 மணிக்கும் சனி இரவு 7 மணிக்கும் போங்கள். உள்ளே போகிறவர்களை எண்ணாதீர்கள். பையோடு வெளியே வருகிறவர்களை எண்ணுங்கள். ஏசிக்காக உட்கார வருகிற கூட்டம் உங்கள் வாடகையைக் கட்டாது.

இதற்குப் பிறகும் எடுப்பதென்றால், ஒப்பந்தத்தில் நான்கு வரிகளை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாடகை, நீங்கள் சாவி வாங்கும் நாளிலிருந்து அல்லாமல் ஆங்கர் கடை திறக்கும் நாளிலிருந்து ஓட வேண்டும். ஆங்கர் மூடினால் வாடகை பாதி, ஆறு மாதத்தில் மாற்று வராவிட்டால் 'லாக்-இன்' (இடையில் காலி செய்யக் கூடாது என்ற காலக்கெடு) செல்லாது. இன்டீரியர் வேலைக்கு 60 நாள் வாடகை இல்லை. ஏசியும் எஸ்கலேட்டரும் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓடும் என்பது, ஓடாவிட்டால் பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு கழிவு என்பது. கடைசி வரியைக் கேட்டதும் முகம் சுளித்தால், அந்தக் கட்டடத்தை எப்படி நடத்தப்போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஓராண்டுக்கு மேல் போடும் குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தே தீர வேண்டும். 11 மாதத் தாளில் மூன்றாண்டு லாக்-இன் எழுதுவது இரண்டு பக்கத்துக்கும் வம்பு.

*

கும்பகோணம் அருகே வரும் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் 180 சதுர அடிக் கடை 27 லட்சம். மூன்று ஆண்டுக்கு 9 சதவீத வாடகை உத்தரவாதம் என்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தைப் போடலாமா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்

போட வேண்டாம் என்பது எங்கள் பதில். காரணத்தைச் சொல்கிறோம்.

27 லட்சத்துக்கு 9 சதவீதம் ஆண்டுக்கு 2.43 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதுவும் 2.43 லட்சம்! முதலாண்டு வாடகை பத்திர ஆபீசோடு சரி. அடுத்து, அதே தெருவில் உத்தரவாதம் எதுவும் இல்லாத கடை அடிக்கு என்ன விலை என்று விசாரியுங்கள். உங்களுக்குச் சொன்னது அடிக்கு 15,000. வெளியே 11,000 என்றால், நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 7.2 லட்சம். மூன்றாண்டு உத்தரவாத வாடகை 7.29 லட்சம். உங்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து உங்களுக்கே மாதாமாதம் திருப்பித் தருகிறார்கள்.

நான்காம் ஆண்டு என்ன ஆகும்? சென்னை ஸ்பென்சர் பிளாசாவைப் பாருங்கள். 1983இல் பழைய கட்டடம் எரிந்தபின் எழுந்த வளாகம். 1990களில் சென்னைக்குப் போனால் அதைப் பார்க்காமல் திரும்பியவர் குறைவு. அதன் கடைகள் பல உரிமையாளர்களுக்குப் பிரித்து விற்கப்பட்டவை. எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை, யாருக்கு வாடகையைக் குறைத்தாவது பிடித்துவைக்க வேண்டும், எப்போது பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதை ஒரு கை முடிவு செய்ய முடியவில்லை. 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் ஃபீனிக்ஸ் என்று, கடையை விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டு ஒரே நிர்வாகமாக நடத்திய மால்கள் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. நூறு பேருக்குச் சொந்தமான மாலில் பழுதான லிஃப்டைச் சரிசெய்யக்கூட நூறு கையெழுத்து வேண்டும். கட்டடத்தைக் கட்டி, பிரித்து விற்று, பணத்தோடு வெளியேறும் முதலாளிக்கு நான்காம் ஆண்டைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் பிறகு வாங்குவதென்றால், டெல்டாவில் மற்ற ஊர்களைவிட ஒரு சோதனை கூடுதலாகச் செய்ய வேண்டும். நம் கடைத்தெருக்களில் கணிசமான இடம் கோயில் அடிமனை அல்லது ஆதீன நிலம். மேலே உள்ள கட்டடம் ஒருவருடையது, கீழே உள்ள மண் சுவாமியுடையது. வில்லங்கச் சான்று மட்டும் போதாது. சர்வே எண்ணை வைத்து வருவாய்த்துறையின் 'ஏ' நிலப் பதிவேட்டில் யார் பெயர் என்று பாருங்கள், அறநிலையத்துறை அலுவலகத்திலும் கேளுங்கள். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ 8 கடைக்கு மேல் இருந்தாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. 'இன்று மாலைக்குள் 5 லட்சம் கட்டினால் தள்ளுபடி' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

*

எங்கள் ஊர் காம்ப்ளெக்ஸ்களில் தரைத்தளம் நிறைந்திருக்கிறது, மாடி எப்போதும் ஷட்டர் போட்டே கிடக்கிறது. ஏன்?
– வாசகி, மயிலாடுதுறை

பட்டமங்கலத் தெருவில் நடந்து பொருள் வாங்கிப் பழகிய கால், காரணம் இல்லாமல் படி ஏறாது. ஏறவைக்க வேண்டுமானால் உச்சியில் ஏதாவது இருக்க வேண்டும். பெரிய மால்கள் தியேட்டரையும் சாப்பாட்டுக் கடைகளையும் மேல்தளத்தில் வைப்பது அதனால்தான். மேலே போனவர் இறங்கும் வழியில் மற்றக் கடைகளைப் பார்ப்பார். நம் ஊர் காம்ப்ளெக்ஸில் மேல்தளத்துக்கு ஒதுக்குவது இன்ஷூரன்ஸ் ஆபீசும் பூட்டிய கழிப்பறையும்.

படிக்கட்டு இன்னொரு குற்றவாளி. தரைத்தளத்தில் ஒரு கடை கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று படியைப் பின்மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாசலிலிருந்து படி கண்ணில் படாவிட்டால் மாடிக் கடை இல்லாத கடைதான்.

எஸ்கலேட்டர் இருந்தால் சரியாகிவிடுமா என்றால், அது ஓடும்வரைதான். நின்றுபோன எஸ்கலேட்டரின் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 20 செ.மீ. உயரம், வீட்டு மாடிப்படியைவிட அதிகம். சேலை கட்டியவர், முழங்கால் வலிக்காரர், பிள்ளையைத் தூக்கியவர் யாரும் அதில் ஏறமாட்டார்கள்.

அதை ஏன் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் மால் சாகும் விதம் இருக்கிறது. உயரழுத்த மின் இணைப்பில், ஒப்பந்தம் செய்த மின்தேவையில் 90 சதவீதம் அல்லது உண்மையில் பதிவானது, எது அதிகமோ அதற்கு மாதாமாதம் தேவைக் கட்டணம் கட்ட வேண்டும். பாதிக் கடை காலியாகி ஏசியைக் குறைத்தாலும் இந்தக் கட்டணம் இறங்காது. மீதிக் கடைகளின் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள், அல்லது எஸ்கலேட்டரை நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் இன்னும் நான்கு கடை காலி. செய்ய வேண்டியது, மின்வாரியத்தில் மனுக்கொடுத்து ஒப்பந்தத் தேவையைக் குறைப்பது. 'நாளைக்கே கடை நிரம்பிவிடும்' என்ற நம்பிக்கையில் அதைத் தள்ளிப்போடுகிற உரிமையாளர்களே அதிகம்.

*

திருவாரூருக்கு மால் வருமா?
– கல்லூரி மாணவர், திருவாரூர்

மாவட்டத் தலைநகர் என்பதற்காக வராது. மாலுக்கு மாதாமாதம் ஒரே அளவில் செலவழிக்கிற கூட்டம் வேண்டும். நம் பக்கத்துப் பணம் குறுவை அறுத்ததும் ஒரு தடவை, சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கியில் விழுந்ததும் ஒரு தடவை வருகிறது. மேட்டூர் ஜூன் 12க்குத் திறக்காமல் 2024இல் போல ஜூலை 28 ஆனால் தீபாவளி வியாபாரம் வரை அடிபடும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது. ஆனால் அது கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் நகைக்கும் போகிற பணம். 10,000 சதுர அடியில் நல்ல சூப்பர் மார்க்கெட்டும் இரண்டு திரையுள்ள தியேட்டரும் தாங்கும். அதற்கு மேல் கட்டுகிறவர் துணிச்சல்காரர்.

*

மால்கள் தடுமாறினாலும் ஐந்து மாடி ஜவுளிக்கடைகள் மட்டும் எப்படி நிற்கின்றன?
– வாசகர், ஸ்ரீரங்கம்

அவைதான் தமிழ்நாட்டின் உண்மையான மால் என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஒரே குடும்பம், ஒரே கட்டடம், பெரும்பாலும் சொந்த மனை. மாலில் புடவைக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் தனித்தனியாக வாடகை கட்ட வேண்டும். இங்கே நஷ்டத்தில் ஓடும் தளத்தை லாபத்தில் ஓடும் தளம் சுமக்கும். கீழே துண்டும் நைட்டியும் அடக்க விலைக்கு விற்றுக் கூட்டம் சேர்ப்பதும், பட்டுப்புடவையை மேல்தளத்தில் வைத்து லிஃப்டுக்குள் ஆள் நிறுத்தி அழைத்துப்போவதும் அதே கணக்கு. முகூர்த்தப் புடவை எடுக்க வேன் பிடித்து இருபது பேர் வருவார்கள். தண்ணீர், கழிப்பறை, குழந்தைக்குப் பால் காய்ச்ச ஒரு மூலை, பெரியவர்களுக்கு நாற்காலி எல்லாம் அந்த இருபது பேரை நான்கு மணி நேரம் உட்காரவைக்கத்தான்.

ஆட்டம் காண்பது இரண்டு இடத்தில். ஒன்று, பாகப்பிரிவினை. மற்றொன்று, கடன் சரக்கு. உற்பத்தியாளர் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டிலிருந்து, தவறினால் அந்தத் தொகையைக் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாது. தீபாவளிச் சரக்கை ஆவணியில் எடுத்துப் பொங்கலுக்குப் பணம் கொடுத்த காலம் முடிந்தது.

*

பட்டுக்கோட்டையில் எங்கள் மூன்று மாடிக் காம்ப்ளெக்ஸில் மேல் இரண்டு தளமும் ஐந்து ஆண்டாகக் காலி. கல்யாண ஹால், லாட்ஜ், குடோன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரிப்படும்?
– கட்டட உரிமையாளர், பட்டுக்கோட்டை

எதையும் முடிவு செய்யுமுன் கட்டடத்தின் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கைத் தேடி எடுங்கள். சில்லறைக் கடைக்கான தளத்தைச் சதுர மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 400 கிலோ சுமைக்கு வடிவமைப்பது இந்தியத் தரநிலை. நாற்காலி நிலையாகப் பொருத்தாத கூடத்துக்கு 5 வேண்டும். கல்யாணக் கூட்டம் அந்த வகை. கடைக்குக் கட்டிய தளத்தில் ஆயிரம் பேரை ஏற்றுமுன் பொறியாளர் கையெழுத்து வேண்டும்.

குடோன் இன்னும் ஆபத்து. 50 கிலோ அரிசி மூட்டை ஒன்று அரை சதுர மீட்டர் இடம் பிடிக்கும். எட்டு அடுக்கு போட்டால் சதுர மீட்டருக்கு 800 கிலோ, தளம் தாங்குவதைப் போல இரு மடங்கு. 'பழைய காலத்துக் கட்டடம், நன்றாகத் தாங்கும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழ்த்தளத்தை மட்டும் குடோனாக்கலாம். அது மண்ணில் உட்கார்ந்திருக்கிறது.

லாட்ஜுக்குச் சிக்கல் தண்ணீர். அறைக்கு ஒரு கழிப்பறை என்றால் குழாய் மறைக்க 30 செ.மீ. தாழ்ந்த தளம் வேண்டும். கடைக் கட்டடத்தில் அது இருக்காது. கழிப்பறைத் தரையை உயர்த்திக் கட்டினால் வாசலில் ஒரு படி வரும், மேலே சிமென்ட் நிரப்பிய பாரமும் ஏறும். செங்கல் ஜல்லிக்குப் பதில் எடை குறைந்த பிளாக் போட்டு, எல்லாக் கழிப்பறைகளையும் ஒரே குழாய்ச் சுவரை ஒட்டி அடுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். கசிவு வந்தால் முதலில் பாழாவது கீழே நல்ல வாடகை தரும் கடைதான்.

உங்கள் கட்டடத்துக்கு நாங்கள் சொல்வது: முதல் மாடியில் ரத்தப் பரிசோதனை நிலையம், பல் மருத்துவர், கண் கண்ணாடிக் கடை. மாதாமாதம் வாடகை தவறாது, தெருவில் கண்ணில் படவேண்டிய தேவையும் குறைவு. இரண்டாம் மாடியில் பயிற்சி வகுப்பு அல்லது தையல் நிலையம். தனி வாசல், நோயாளி நாற்காலி போகும் அளவுக்கு லிஃப்ட், ஒவ்வொருவருக்கும் தனி மீட்டர், இந்த மூன்றும் இல்லாமல் மருத்துவர்கள் வரமாட்டார்கள். உபயோக மாற்றத்துக்கு உள்ளாட்சியிலும் நகர் ஊரமைப்பிலும் அனுமதி வாங்க வேண்டும்.

முகப்பில் அலுமினியத் தகடு பதித்திருந்தால் ஐப்பசிக்கு முன் ஏணி போட்டு ஒவ்வொரு திருகையும் பாருங்கள். 2018 கஜாவைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

நாகப்பட்டினத்தில் கடை கட்டுகிறோம். பார்க்கிங்குக்கு அண்டர்கிரவுண்ட் தோண்டலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

தோண்டாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஏறும் ஊர். நீர்மட்டத்துக்குக் கீழே 3 மீட்டர் போனால், தரையை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 3 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். அதைத் தாங்கும் ராஃப்டுக்கு (அடியில் முழுதும் பரப்பும் கான்கிரீட் தளம்) ஆகும் பணத்தில், தூண்மேல் கட்டடத்தைத் தூக்கித் தரைத்தளத்தையே வண்டிக்கு விட்டுவிடலாம். உப்புநீரில் கம்பி துருப்பிடிப்பது தனிக் கதை. தோண்டியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பம்பு, ஒன்று ஜெனரேட்டரில். அந்த ஜெனரேட்டரும் மின்பலகையும் மேலே. சாய்தள வாய் இன்றைய சாலையைவிட ஓரடி உயரமாக இருக்கட்டும், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே வரும்.

*

பாபநாசத்தில் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் மாடியில் குழந்தைகள் விளையாட்டு அரங்கு தொடங்க ஆசை. என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகி, பாபநாசம்

லாபத்தை அப்புறம் பேசுவோம். அந்த மாடிக்கு எதிரெதிர் முனைகளில் இரண்டு படிக்கட்டு இருக்கிறதா? இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் போனது நம் ஊரில்தான். குறுகிய ஒற்றைவழி என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ராஜ்கோட் விளையாட்டு அரங்கில் 2024 மே 25இல் நடந்த தீவிபத்தும் அதேவகை.

பந்துக்குளத்து ஃபோம், செயற்கைப் புல், தெர்மாக்கோல் கூரை எல்லாம் நிமிடத்தில் பற்றி, கரும்புகை கக்கும். தீத்தடுப்புச் சான்று உள்ள ஃபோம் மட்டும் வாங்குங்கள், பில்லை வைத்திருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், திறந்திருக்கும் நேரத்தில் பூட்டு கூடாது. 'டிக்கெட் இல்லாமல் ஓடிவிடுவார்கள்' என்று பின்கதவைப் பூட்டுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் கொடுமை. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று காம்ப்ளெக்ஸுக்கு இருக்கிறது என்றால் அதன் நகலைக் கேளுங்கள். கடைக்கென்று வாங்கியது விளையாட்டு அரங்குக்குப் பொருந்துமா என்று துறையிடமே கேட்டுவிடுங்கள்.

வருமானம் சனி, ஞாயிறும் மே மாதமும்தான். வாரநாள் பிறந்தநாள் விழாக்களைப் பிடித்தால் வாடகை எடுக்கலாம்.

*

பாத்திரக்கடை மூன்றாம் தலைமுறையாக நடத்துகிறோம். மால் வந்தால் எங்கள் தொழில் போய்விடுமா?
– பாத்திர வியாபாரி, கும்பகோணம்

உங்கள் ஊர் கும்பேஸ்வரர் கோயிலுக்குள் போகும் நீள மண்டபத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். மேலே கூரை, இருபுறமும் கடை, நடுவே நடை, கடைசியில் எல்லோரும் போயே தீரவேண்டிய சந்நிதி. ஆங்கர் என்று மேலே சொன்னோமே, அவர் அங்கே குடியிருக்கிறார், திவாலாக மாட்டார்.

மால் உங்களிடமிருந்து எடுக்கக்கூடியது நான்-ஸ்டிக் சட்டியும் பிளாஸ்க்கும். அதை ஏற்கெனவே போன் எடுத்துவிட்டது. எடுக்க முடியாதது, பழைய பித்தளையை எடைபோட்டுக் கழித்துப் புது அண்டா தரும் வியாபாரம். எம்.ஆர்.பி. ஒட்டிய கண்ணாடிக் கடையில் ஓட்டைக் குடத்தை யார் வாங்குவார்? சீர்வரிசைக்கு நாச்சியார்கோவில் விளக்கைத் தட்டிப் பார்த்து, அடிப்பாகம் ஈயம் ஊற்றியதா, முழு வார்ப்பா என்று திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த இடத்தில் நீங்கள் செய்யவேண்டியது, விலைப்பட்டியில் எடையையும் கிலோ விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதுவது. இளையவர்கள் வெளியே போவது விலைக்காக அல்ல, பேரம் பேசக் கூச்சப்பட்டு.

*

திருச்சியில் ஒரு மாலில் கடையைக் காலி செய்கிறேன். அட்வான்ஸைத் திருப்பித் தர இழுக்கிறார்கள். என்ன வழி?
– வியாபாரி, ஒரத்தநாடு

ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பார்த்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லி நீங்களாக நிறுத்தினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வாடகையில் டி.டி.எஸ். பிடித்திருந்தால் அந்தச் சான்றுகள் எல்லாம் போய்ச்சேர்ந்தனவா என்று பாருங்கள். அதைக் காட்டித்தான் முதலில் இழுப்பார்கள்.

சுவரில் பதித்த ரேக், ஃபால்ஸ் சீலிங், ஏசி இவற்றில் எது உங்களுடையது என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கழற்றுமுன்னும் கழற்றியபின்னும் தேதி தெரியப் படம் எடுங்கள். சப்-மீட்டர் எண்ணைக் குறித்து, கடைசி பில்லைக் கட்டி ரசீது வாங்குங்கள். சாவியைக் கொடுக்கும்போது, இன்ன தேதியில் காலி இடத்தைப் பெற்றுக்கொண்டோம், பாக்கி இவ்வளவு, திருப்பித் தரவேண்டிய தொகை இவ்வளவு என்று மால் மேலாளர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் சாவி கைமாறக் கூடாது. அந்தத் தாள் இருந்தால் வக்கீல் நோட்டீஸ் ஒன்றிலேயே பெரும்பாலும் முடியும். முடியாவிட்டால் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். ஜிஎஸ்டி பதிவில் அந்தக் கடை 'கூடுதல் வணிக இடம்' என்று இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். அடுத்து வருகிறவர் அதே முகவரியில் பதிவு கேட்கும்போது அதிகாரி உங்களைத்தான் கூப்பிடுவார்.